கடலில் இருந்தபோதே செல்லாமல்போன சான்றிதழ்

1882 மே மாதம் அமெரிக்க அதிபர் செஸ்டர் ஆர்தர் சீனர் விலக்குச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சீனத் தொழிலாளர்கள் பத்தாண்டுகளுக்கு உள்ளே வரக்கூடாது, ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்றது அந்தச் சட்டம். ஆனால் அதிலேயே ஒரு வாக்குறுதியும் இருந்தது. முன்பே அங்கு குடியிருந்த தொழிலாளி சொந்த ஊர் போய்வர நினைத்தால், துறைமுகச் சுங்க அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகலாம். திரும்பி வந்து அதைக் காட்டினால் உள்ளே விடுவார்கள்.

சே சான் பிங் அதை நம்பினார். 1875 முதல் சான் பிரான்சிஸ்கோவில் உழைத்தவர். 1887 ஜூனில் சான்றிதழோடு சீனாவுக்குப் போனார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹாங்காங்கிலிருந்து 'பெல்ஜிக்' கப்பலில் புறப்பட்டார். அமெரிக்காவில் அது தேர்தல் நேரம். மேற்குக் கரை வாக்குகளுக்காக இரு கட்சிகளும் சீனர் மீது பாய்ந்துகொண்டிருந்தன. கப்பல் நடுக்கடலில் இருக்கையில், அக்டோபர் 1 அன்று அதிபர் கிளீவ்லண்ட் ஸ்காட் சட்டத்தில் கையெழுத்திட்டார். கொடுத்திருந்த சான்றிதழ்கள் அத்தனையும் செல்லாமல் போயின. ஒரு வாரத்தில் வந்து சேர்ந்த சே சான் பிங்கைக் கரையிறங்க விடவில்லை. அவரைப்போலச் சுமார் 20,000 பேர் வெளியே மாட்டிக்கொண்டார்கள்.

தடைச் சட்டங்கள் பல நாடுகளில் இருந்தன. இதில் நெஞ்சைச் சுடுவது வேறு: அரசு சொன்னபடி வரிசையில் நின்று முத்திரை வாங்கியவர்களே தண்டிக்கப்பட்டார்கள்.

சே சான் பிங் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1889 மே மாதம் தீர்ப்பு வந்தது. எழுதியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட். சீனாவோடு செய்த ஒப்பந்தத்தைப் புதிய சட்டம் மீறுகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பின்னால் வந்த சட்டமே நிற்கும். அந்நியரை விலக்குவது இறையாண்மையின் ஒரு பகுதி. திரும்பி வரலாம் என்ற அனுமதியை அரசு நினைத்தபோது ரத்து செய்யலாம் என்றார். மாற்றுத் தீர்ப்பு எழுத ஒரு நீதிபதிகூட இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த ஊரைவிட்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஜப்பானுக்கு எதிரான போரில் சீனா கூட்டாளியானபின், 1943 டிசம்பரில் விலக்குச் சட்டங்கள் நீக்கப்பட்டன. அப்போதும் சீனர்களுக்கு ஆண்டுக்கு 105 இடம்தான். சட்டம் போனது; தீர்ப்பு போகவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்றுவரை அதை ரத்து செய்யவில்லை. குடியேற்ற வழக்குகளில் அது இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது.