பத்தாயிரம் காலடிகளின் கதை

நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடிகள் நடக்கவேண்டும் என்று வகுத்த மருத்துவர் யார் என மாணவன் ஒருவன் வினவினான். தேடிப் பார்த்தேன். அது பரவியது ஒரு விற்பனைப் பெயரால்!

1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தேறின. உடற்பயிற்சி ஆர்வம் பரவியிருந்த ஜப்பானில், மறு ஆண்டே யமாசா என்னும் நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் காலடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் பெயர் ‘மான்போ-கே’. ‘மான்’ என்பது பத்தாயிரம், ‘போ’ காலடி, ‘கே’ அளவுகருவி. விற்பனைக்காக இட்ட பெயர் நாளடைவில் உலகோர்க்கு உடல்நல விதியாயிற்று. 2022இல் 15 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அறுபது வயதுக்குட்பட்டோர்க்கு 8,000 முதல் 10,000 வரையிலும், மூத்தோர்க்கு 6,000 முதல் 8,000 வரையிலும் நடந்தால் பெரும்பயன் கிட்டிவிடுகிறது என்றனர். ஆக, அந்த விற்பனைப் பெயரின் எண் நம் வயதினர்க்கு ஏறத்தாழப் பொருந்தியே இருக்கிறது.

கருவியை அணிந்தால் நடை கூடுமா? கூடும் என்றது 2007இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு. நாளொன்றுக்கு ஈராயிரம் காலடிகளுக்கு மேல் கூடியதாம். ஆயினும் அதில் பங்கேற்றோரில் 85 விழுக்காட்டினர் பெண்கள். ஆடவர் எங்கே போயினர்?

ஸ்காட்லாந்தில் இதற்கொரு வழி கண்டனர். ஆடவரை மருந்தகத்துக்கு அழைக்காமல், அவர்கள் உயிராய் நேசிக்கும் காற்பந்துக் குழுக்களின் அரங்குகளுக்கே அழைத்தனர். 35 முதல் 65 வயது வரையிலான, உடல் பருத்த 747 ஆடவரைக் கொண்டு 13 குழுக்களில் சோதனை நடந்தது. 12 வாரப் பயிற்சி, இடுப்பில் காலடிமானி, உணவளவைக் குறைக்க எளிய அறிவுரை. 2014இல் முடிவு வெளியானது. ஓராண்டுக்குப் பின்னும் பயிற்சி பெற்றோரின் எடை சராசரியாக 5.56 கிலோ குறைந்திருந்தது. பயிற்சிக்குக் காத்திருந்தோர்க்கோ அரைக்கிலோவுக்குச் சற்றே அதிகம்.

நம் சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் ‘நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச்’ இயக்கத்தைத் தொடங்கியது. கைப்பட்டை இலவசம், நடந்த நடைக்குப் பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டுக்காக நடந்தால் என்ன, நடந்தார்களே என்பது என் கட்சி. 2017ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங் கூறிய கணக்கு இன்னமும் என் நெஞ்சில் தைக்கிறது: அறுபது வயதைக் கடந்த இந்தியரில் பத்துப் பேரில் அறுவர்க்கு நீரிழிவு. அந்த அறுவரும் ஒரு காலத்தில் நம் வகுப்புப் பிள்ளைகளின் தந்தையரைப் போல் நாற்பது வயதில் இருந்தவர்கள்தாமே!

கைப்பட்டை நடையை எண்ணும். தட்டில் விழும் மூன்றாவது பரோட்டாவை எண்ணாது. கைத்தொலைபேசிச் செயலியில் உணவைப் பதியலாம். ஆனால் எல்லாரும் உண்மையைப் பதிகிறார்களா?

பெற்றோர் சந்திப்பில், “இன்று எத்தனை காலடி ஐயா?” என்று கேட்டால் தந்தையர் மணிக்கட்டை உயர்த்திக் காட்டுகின்றனர். “எத்தனை தே தாரிக்?” என்று கேட்டால், பக்கத்தில் இருக்கும் மனைவியர்தாம் விடை சொல்கின்றனர்.