மஹர் தொகையை எந்தப் பெட்டிக்குள் எழுதுவது?

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் எமது பிள்ளைகள் கொப்பி நிறையச் செவ்வகமும் சாய்சதுரமும் வரைவதைக் கண்டு, "இதென்ன கணினிப் பாடமா, சித்திரப் பாடமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடை சொல்ல, மனிதனைச் சந்திரனுக்கு அனுப்ப ஆயத்தமான காலத்துக்கு நாம் போகவேண்டும்.

அப்பலோ விண்கலத்துக்கு இலட்சக்கணக்கான பாகங்கள். எது எதற்குள் பொருந்துகிறது என்ற பட்டியலைக் கணினியில் வைத்திருக்க 1966இல் ஐ.பி.எம். நிறுவனம், விண்கலத்தைக் கட்டியவர்களுடன் சேர்ந்து ஒரு மென்பொருளை ஆரம்பித்தது. ஐ.எம்.எஸ். என்பது பிற்பாடு அதற்கு வந்த பெயர். அது தரவுகளை மரம்போல அடுக்கியது: இயந்திரம், அதன் கீழே வால்வு, அதன் கீழே போல்ட். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரேயொரு தாய்தான். ஆனால் ஒரே வகைப் போல்ட் நூறு இடங்களில் பூட்டப்படுமே! நூறு தடவை எழுதினால், ஓரிடத்தில் திருத்தி இன்னோரிடத்தில் விட்டுவிடுவோம். இதற்குப் பின்னர் வேறு இணைப்புகளைச் சேர்த்துச் சமாளித்தார்கள்.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த சார்ள்ஸ் பேச்மன் அதற்கு முன்பே, ஒரு பதிவு பல தாய்களின் கீழ் நிற்க வழி செய்திருந்தார். ஆனால் நிரல் எழுதுபவர் பதிவுக்குப் பதிவு கயிறு பிடித்து நடக்கவேண்டும். 1970இல் ஐ.பி.எம்.மின் எட்கர் கொட் அந்தக் கயிறுகளையே அறுத்தார். எல்லாமே அட்டவணைகள்; இரண்டு அட்டவணைகளில் ஒரே இலக்கம் இருந்தால் அதுவே தொடர்பு. எமது பார்வையில் மிகப்பெரிய பாய்ச்சல் இதுதான்.

இருந்தும், வெறும் அட்டவணையைப் பார்த்து எது பொருள், எது உறவு என்று பிரித்தறிவது கஷ்டம். தாய்வானில் பிறந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கற்பித்த பீற்றர் சென், 1976 மார்ச்சில் வெளியான கட்டுரையில் பொருளுக்குச் செவ்வகமும் உறவுக்குச் சாய்சதுரமும் கொடுத்தார். உறவுக்கும் சொந்தமாக விபரங்கள் உண்டு என்றார். அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று திருமணம்!

எமக்கு இது உடனே விளங்கும். மஹர் தொகை மணமகனின் விபரமா, மணமகளின் விபரமா? இரண்டுமில்லை, அது நிகாஹ்வுக்குரியது. மணமகனின் பெட்டிக்குள் எழுதி வைத்தால், அவர் மறுமணம் செய்யும் நாளில் புதிய தொகை பழையதை அழித்துவிடும். முதல் மனைவியின் உரிமைக்கான பதிவும் அதோடு போய்விடும்.

பள்ளிவாசல் மஹல்லாப் பதிவுகளைக் கணினியில் ஏற்ற முன்வரும் இளைஞர்களே, நிரல் எழுதமுன் கடதாசியில் வரையுங்கள். வீடு ஒரு பெட்டி, குடும்பம் இன்னொரு பெட்டி. மகளும் மருமகனும் உம்மாவின் வீட்டிலேயே குடியிருக்கும் ஊர் இது. 'ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம்' என்று முதல் நாளே கோடு போட்டுவிட்டால், வெள்ள நிவாரணப் பொதி வரும்போது அந்த மகளின் குடும்பத்துக்குப் பட்டியலில் பெயர் இருக்காது.