கடைவாய்ப் பல்லும் கம்மங்கூழும்

ஊரில் எத்தனை பிரியாணிக் கடைகள் இருக்கின்றன என்பது, ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புகிற அன்றைக்குத்தான் முழுசாகக் கண்ணில் படும்!

கோவை சத்தி ரோட்டில் கணபதியைத் தாண்டினால் சரவணம்பட்டி. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். மானாவாரிக் காடுகள் போய் சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்துவிட்டன. கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு அந்த வழியாக நீங்கள் ஆட்டோவில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் ஒரு பட்டியல் சொல்லி அனுப்பியிருப்பார். இன்றைக்கு சூடாக எதுவும் வேண்டாம், காரம் வேண்டாம், முறுக்கு பக்கமே போகாதீர்கள், முக்கியமாக ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சாதீர்கள். காரணம் உண்டு. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போல உட்கார்ந்திருக்கும். அடியில் இருக்கிற எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் போர்வை. உறிஞ்சுகிற வேகத்தில் அது பெயர்ந்து வந்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் காது வரைக்கும் தெறிக்கும் வலி.

அப்புறம் எதைத்தான் தின்பது? வீட்டில் ஓர் அம்மிச்சி இருந்தால் கவலையே இல்லை. “கண்ணு, வாயத் தொறந்து பேசாத. ராயிக்கூழு ஆத்தி வெச்சிருக்கறேன், மெதுவாக் குடி” என்று சொம்பை நீட்டிவிடுவார்.

இதில் ஒரு வேடிக்கை. இன்றைக்கு நோயாளிக்குக் கொடுக்கிற இந்தக் கூழ்தான், கொங்குச் சீமையில் ஒரு காலத்தில் ஏர் ஓட்டினவனுக்கும் கிணறு வெட்டினவனுக்கும் அன்றாட ஆகாரம். திப்பு சுல்தான் வீழ்ந்த மறுவருடம், 1800-ல், கம்பெனியார் அனுப்பிய பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் கோவை வட்டாரத்தைச் சுற்றிப் பார்த்தார். 1807-ல் புத்தகமாக வந்த அவருடைய பயணக் குறிப்புகளில் கம்பும் சோளமும் கேழ்வரகும் திரும்பத் திரும்ப வருகின்றன. மழையை நம்பிய காட்டில் வேறு என்ன விளையும்? நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான்.

கம்பு அப்படியே வாய்க்குள் போகிற தானியமில்லை. தண்ணீர் தெளித்து, உரலில் போட்டு, உலக்கையால் குத்தி, உமி நீக்கி, மறுபடி இடித்து, பிறகுதான் உலை. விடிவதற்கு முன்னால் பெண்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். களி கிண்டுவதற்கும் தோள் வலு வேண்டும். ஆனால் தட்டில் விழுந்த களியை மெல்ல வேண்டியதில்லை. தொட்டு, உருட்டி, விழுங்க வேண்டியதுதான். அதாவது, பல் செய்ய வேண்டிய வேலையைப் பெண்களின் கைகள் முன்கூட்டியே செய்து முடித்திருந்தன. சாப்பாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

பல்லில்லாதவருக்காக அடுத்தவர் கை உழைப்பது எவ்வளவு பழசு தெரியுமா? கொஞ்ச நேரம் ஜார்ஜியா நாட்டுக்குப் போய் வரலாம். தலைநகர் திபிலிசிக்குத் தென்மேற்கே த்மனிசி என்ற இடம். சுமார் 17.7 லட்சம் வருடங்களுக்கு முந்தைய ஒரு மண்டை ஓடும் தாடையும் அங்கே கிடைத்தன. 2005-ல் ‘நேச்சர்’ இதழில் டேவிட் லோர்ட்கிபானிட்ஸே குழுவினர் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கிழவருக்கு... கிழவியோ, யார் கண்டது... ஒரே ஒரு பல்தான் மிச்சம்! மற்ற பல் குழிகளெல்லாம் எலும்பு வளர்ந்து மூடிப்போயிருந்தன. செத்த பிறகு எலும்பு வளராது. ஆகவே, பல் போன பின்பும் அவர் சில வருடங்களாவது உயிரோடு இருந்திருக்கிறார். பானை கிடையாது, கூழ் காய்ச்ச வழியில்லை. யாரோ கல்லால் எலும்பை உடைத்து மஜ்ஜையை எடுத்துக் கொடுத்திருக்கலாம், இறைச்சியை நசுக்கித் தந்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் ஊகம். ‘பல் போன சிம்பன்சியும்தான் காட்டில் பிழைத்துக் கிடக்கிறது, இதை வைத்துப் பாசக் கதை கட்டாதீர்கள்’ என்று மறுக்கிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ அந்தக் கல்லைப் பிடித்த கையை நம்பத்தான் தோன்றுகிறது.

சரி, நம் கடைவாய்ப் பல்லுக்கு வருவோம். அதைப் பிடுங்க வேண்டிய நிலை ஏன் வந்தது? முளைக்க இடமில்லை. ஏன் இடமில்லை? இங்கேதான் கதை திரும்புகிறது. நொரீன் வான் க்ரமன்-டௌபாடெல் என்ற மானுடவியலாளர், வேட்டையாடிப் பிழைத்த கூட்டங்களின் தாடைகளையும் விவசாயம் செய்த கூட்டங்களின் தாடைகளையும் ஒப்பிட்டு 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். விவசாயக் கூட்டத்தாரின் கீழ்த்தாடை நீளம் குறைந்திருந்தது. வெந்ததையும் அரைத்ததையும் தின்று வளர்கிற குழந்தையின் தாடைக்கு உழைப்பு குறைவு, வளர்ச்சியும் குறைவு. பல்லோ அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. கடைசியாக முளைக்கிற ஞானப்பல்தான் பஸ்ஸில் சீட் கிடைக்காதவர் மாதிரி சாய்ந்தும் படுத்தும் கிடக்கிறது. பல்லுக்கு இடமில்லாமல் செய்ததில் கூழுக்கும் பங்குண்டு, பல் போனபின் சோறு போடுவதும் அதே கூழ்தான்!

கோவைக்காரர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. உலக்கை பிடித்த தோளுக்கு ரைஸ்மில் ஓய்வு கொடுத்தது என்றால், ஆட்டுக்கல் சுற்றிய மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுத்தது கோவை. 1950-களில் இங்கே பிறந்த வெட் கிரைண்டருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011-ல் தமிழக அரசின் விலையில்லாத் திட்டத்தில் மிக்ஸி, மின்விசிறியோடு கிரைண்டரும் வீடு வீடாகப் போனது. த்மனிசியில் யார் கையிலோ இருந்த கல், சமையலறை மூலையில் கரண்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் ஆறின ராகிக் கூழும் மோரும். கடிக்கச் சின்ன வெங்காயம் கேட்கக் கூடாது, சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து குழைந்த அரிசிம்பருப்பு சாதம், வெதுவெதுப்பாக. நாலைந்து நாள் போனதும் சந்தகை கேளுங்கள். ஊறவைத்த அரிசியை ஆட்டி, இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிந்து, தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றினால் பல்லுக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த அச்சை அழுத்த நல்ல பலம் வேண்டும். தம்பியைக் கூப்பிடுங்கள். பல் பிடுங்கின வாரத்தில் நீங்கள் மூச்சைப் பிடித்து அழுத்த வேண்டாம்.