அச்சின் பிழையும் மண்ணின் கறையும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. காசொன்றைக் கையிலெடுத்து அதன் வரலாற்றை உசாவுவோர், அது தன்னைப் பற்றி மெய் சொல்கின்றதா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

நேயர்களே, சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் இவ்வாராய்ச்சிக்குத் தனித் தேவை ஒன்றுண்டு. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை முதலிய பகுதிகளின் லயங்களிலே, முன்னோர் விட்டுச் சென்ற பழங்காசுகள் தகரப் பெட்டியின் அடியில் கிடப்பது புதிதன்று. அவற்றுள் உருமாறிய ஒன்றைக் காட்டினால், "அச்சுப் பிழையுள்ள அருங்காசு, இலட்சம் பெறும்" என்று ஆசை காட்டுவாரும் உளர். "கறை பிடித்த செம்பு, எடைக்குப் போடுங்கள்" என்று பறித்துச் செல்வாரும் உளர். இரண்டு சொல்லும் பொய்யாகலாம். இழப்பு மட்டும் காசுக்கு உரியவரையே சேரும்.

தோட்டத்துக் காசின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் விரும்பிப் பெற்றது இந்திய வெள்ளி ரூபாவே. 1869 இல் அது வரம்பின்றிச் செல்லுபடியாகும் பணமாயிற்று. 1872 இல் ரூபாவும் அதன் நூறில் ஒரு பங்காகிய சதமும் இலங்கையின் கணக்குப் பணமாயின. விக்டோரியா அரசியின் தலையும் பனையினத்து மரமொன்றும் பொறித்த, 1870 என்னும் ஆண்டு தாங்கிய செப்புக் காசுகள் இந்தச் சத முறைக்கு உரியவை. 1909 முதல் செம்பும் நிக்கலும் கலந்த சதுர ஐந்து சதம் வழங்கிற்று. கோப்பிக் காலத்து வணிக நிலையங்கள் சில, தம் தொழிலாளருக்கெனத் தாமே வில்லைகள் அடித்துக் கொடுத்ததும் உண்டு. அரசர் தலையின்றிக் கம்பனிப் பெயர் தாங்கிய அத்தகைய வில்லையைப் பிழைக்காசு என்று கருதுதல் தவறு.

இனிப் பிழை எவ்வாறு பிறக்கின்றது? உலோகப் பாளத்தைத் தகடாக்கி, வட்டமாக வெட்டி, ஒரு வளையத்தினுள் இட்டு, மேலும் கீழுமாக இரண்டு அச்சுகளால் அழுத்துவதே நாணயசாலையின் தொழில். ஆகவே பிழை மூன்று இடங்களிலேயே தோன்றலாம்: தகட்டில், அச்சில், அழுத்தும் கணத்தில். நாணயசாலையை விட்டு வெளியேறிய பின்னர் காசுக்கு நேர்ந்தது எதுவாயினும் அது பழுதேயன்றிப் பிழையன்று.

இவற்றைப் பிரித்தறிய எளிய விதி ஒன்றுண்டு. அச்சில் குழியாயிருப்பது காசில் மேடாக எழும். அச்சு வெடித்தால் அவ்வெடிப்பினுள் உலோகம் புகுந்து, காசின்மேல் மெல்லிய மேட்டுக்கோடாக நிற்கும். காசையே ஆணி கீறினால் அக்கோடு பள்ளமாக விழும். தள்ளுண்ட உலோகம் அதன் இரு கரையிலும் ஒதுங்கியிருக்கும். பூதக்கண்ணாடியும் சாய்ந்து விழும் விளக்கொளியும் இருந்தால் ஒரு நொடியில் இவ்வேறுபாடு தெரியும்.

விளிம்பு வெட்டுண்ட காசை அடுத்து நோக்குவோம். தகடு வெட்டும்போதே குறைபட்டதாயின், குறைக்கு நேரெதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மெலிந்து காணும். பின்னர் அரத்தால் அராவியதாயின் எதிர்விளிம்பு முழுமையாயிருக்கும்; வெட்டிய இடத்தில் அரத்தின் கீற்றுகள் நிற்கும். எழுத்து மறைந்த காசிலும் இவ்வாறே. அச்சின் குழியை எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால் எழுத்து மங்குமேயன்றிச் சுற்றியுள்ள பரப்பின் இயல்பு கெடாது. தேய்த்து அழித்த இடமோ தாழ்ந்து, கீறல் நிறைந்து நிற்கும்.

இரத்தினபுரி மழை மிகுந்த நாடு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பொழிகின்றது. ஈரமண்ணிற் கிடந்த செப்புக்காசு பச்சையும் கருமையும் பூண்டு, குழிவிழுந்து வெளிப்படும். இறப்பர்த் தோட்டத்திலோ வேறொரு மாயம் நிகழலாம். இறப்பர்ப் பால் உறையாதிருக்க அமோனியாவும், உறைவதற்குப் போமிக் அமிலமும் சேர்ப்பர். அமோனியா செம்பை அரித்து நீலப்பச்சை நிறம் ஊட்டும். அமிலம் பட்ட பித்தளையிலிருந்து நாகம் கரைந்து போக, மேற்பரப்பு செம்பு போலச் சிவக்கும். அத்தகைய ஐந்து சதத்தைக் கண்டு, "செப்புத் தகட்டில் தவறுதலாக அடித்தது" என்று மயங்குவர். நிறம் திட்டுத்திட்டாகவும், எழுத்துகளின் இடுக்கில் பழைய மஞ்சள் எஞ்சியும் இருந்தால் அது கறையே.

இரயிற் பாதையும் ஒரு போலி நாணயசாலைதான். முன்னாளில் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கை வரை குறுகிய பாதை சென்றது. தண்டவாளத்தில் வைத்துச் சக்கரம் ஏறிய காசு அகன்று நசுங்கும். உருவமும் இழுபட்டு மங்கும். வளையமின்றி நாணயசாலையில் அழுத்துண்ட காசும் அகலும். ஆயினும் அதன் நடு உருவம் தெளிவாயிருக்கும்.

அரசே மாற்றிய அமைப்பைப் பிழையென்று கொள்ளலும் ஆகாது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல், ஒரு சதக் காசை மெல்லிய தகட்டில் அடித்தனர். 1944 இல் நெளிவிளிம்புடைய இரண்டு சதம் வந்தது. எடை குறைந்த அப்போர்க்காலச் சதம் அமிலத்தில் தேய்ந்ததுமன்று; பிழைபட்டதுமன்று. அவ்வாறே 2005 ஆம் ஆண்டின் ஒரு ரூபாவும் ஐந்து ரூபாவும் பித்தளை முலாமிட்ட எஃகு. முலாம் தேய்ந்தால் துரு தோன்றும், அதில் வியப்பில்லை.

மெய்யான பிழைகள் இல்லாமல் இல்லை. 1955 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயசாலையில், எழுத்தும் ஆண்டும் இரட்டித்த அச்சினால் அடித்த சதங்கள் வெளிப்போந்தன. 2008 இல் பிரித்தானிய நாணயசாலை, பழைய முன்பக்க அச்சையும் புதிய பின்பக்க அச்சையும் இணைத்தமையால், ஆண்டே இல்லாத 20 பென்சுக் காசுகள் பிறந்தன. எஃகில் அடித்த 1943 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சதம் சில தவறுதலாக வெண்கலத் தகட்டில் விழுந்தன. உடனே எஃகுச் சதத்துக்குச் செம்பு பூசி விற்போரும் தோன்றினர். அவர்களைக் காட்டிக் கொடுத்தது காந்தக்கல்! எஃகைக் காந்தம் இழுக்கும்; வெண்கலத்தை இழுக்காது.

ஆகையால், ஐயத்துக்குரிய காசைப் புளியாலோ சாம்பலாலோ துலக்காதீர்கள். துலக்கிய பின் கறையோடு சான்றும் போய்விடும். இறப்பர் வளையத்தால் கட்டியும் வைக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். நுண்தராசில் நிறுத்து, காந்தம் காட்டி, அதே ஆண்டின் நல்ல காசொன்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பேசுவது அதற்குப் பின்னரே.

பிழையில்லாக் காசு பயனற்றது என்பதன்று. துளையிட்டு வளையம் பற்றவைத்த வெள்ளி ரூபாவைச் சேகரிப்போர் பழுது என்று தள்ளுவர். ஆனால் அது ஒரு தோட்டத்துப் பெண் கழுத்தில் அணிந்த சேமிப்பாக இருந்திருக்கும். பிழை நாணயசாலையின் ஒரு நாளைக் கூறும். கறையும் துளையும் அக்காசை ஈட்டியவர்களின் நாள்களைக் கூறும்.