சதாசிவம், ப.

ப. சதாசிவம் (பிறப்பு: 27 ஏப்ரல் 1949) இந்திய உச்ச நீதிமன்றத்தின் 40-ஆவது தலைமை நீதிபதி. தமிழ்நாட்டிலிருந்து அந்த நாற்காலிக்குப் போனவர்களில் பதஞ்சலி சாஸ்திரிக்கு அடுத்தவர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளி. பவானிக்கு அருகே காடப்பநல்லூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். அன்று அந்தப் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது.

சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் பட்டமும், சென்னையில் சட்டமும் படித்து 1973-இல் வழக்கறிஞராகப் பதிவுசெய்தார். அரசு வழக்கறிஞர் பணிகளுக்குப் பின் 2001 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2007 ஏப்ரலில் பஞ்சாப்–அரியானாவுக்கு மாற்றம். நான்கே மாதத்தில் உச்ச நீதிமன்றம்.

தலைமை நீதிபதியாக இருந்தது 2013 ஜூலை முதல் 2014 ஏப்ரல் வரைதான். ஆனால் பேசப்படும் தீர்ப்புகள் பலவும் அந்த ஒன்பது மாதங்களில் வந்தவை. எவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் அதுவரை 49-ஓ விதிப்படி வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிக் கையெழுத்திட வேண்டியிருந்தது. பூத் ஏஜென்ட்டுகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2013 செப்டம்பர் தீர்ப்பு அதற்கென இயந்திரத்திலேயே ஒரு பொத்தானைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த 'நோட்டா' முதலில் வந்தது, சேலம் மாவட்டத்து ஏற்காடு இடைத்தேர்தலில்.

2014 ஜனவரி 21 தீர்ப்பின் கனம் வேறு. கருணை மனுவை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால் அதுவே தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் என்றது அது. பயங்கரவாத வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று முந்தைய ஆண்டு வேறோர் அமர்வு சொன்னதையும் ஏற்கவில்லை. மனு நிராகரிக்கப்பட்ட தகவல் கைதிக்குச் சேர்ந்து 14 நாள் கழியாமல் தூக்கிலிடக் கூடாது என்றும் விதித்தது. ஆயுளாகக் குறைந்த 15 பேரில் நால்வர் சந்தனக் கடத்தல் வீரப்பனின் கூட்டாளிகள். மேட்டூருக்கு மேலே கர்நாடக எல்லையில், 1993-இல் 22 உயிர்களைக் கொண்டுபோன பாலாறு கண்ணிவெடி வழக்கின் கைதிகள். மறுமாதமே ராஜீவ் காந்தி கொலை வழக்கின் மூவருக்கும் அதே அளவுகோல் கிடைத்தது. இதை வைத்து அவரை மரண தண்டனைக்கு எதிரானவர் என்று எண்ணிவிட முடியாது: மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் யாகூப் மேமனின் தூக்கை 2013 மார்ச்சில் உறுதிசெய்த அமர்வும் அவருடையதுதான்.

ஓய்வுபெற்ற சில மாதங்களில் கேரள ஆளுநரானார். தலைமை நீதிபதியாக இருந்தவர் ஆளுநரானது அதுவே முதல்முறை. நியமிக்கும் அரசின் வழக்குகளை நேற்றுவரை விசாரித்தவர் அதை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான். 2019 செப்டம்பர் வரை முழுப் பதவிக்காலமும் இருந்தார்.