வரைபடத்துக்குள் அடங்காத வீடு

தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாள் குடிசை நின்ற இடம் மிராசுதாருடையது. கூலி உயர்த்திக் கேட்டால் மனையைக் காலி செய் என்பார்கள். 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம்தான் அந்த மனையைக் குடியிருந்தவருக்கே உடைமையாக்கியது.

மனைக்குப் பின் வீடும் வந்தது, அளவு போட்டு. 2011-இல் பசுமை வீடு: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய். 2024-இல் கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். சதுர அடிக்கு ஏறத்தாழ 972 ரூபாய்.

கல்யாணமான மகனுக்குப் பத்துக்குப் பத்தில் ஓர் அறை சேர்த்தால், அரசுக் கணக்கிலேயே 97,000 ரூபாய் கூடுதல். கொத்தனார் கணக்கில் இன்னும் ஏறும். வெள்ளம் நிற்கும் தெருவென்று பேஸ்மட்டத்தை இரண்டடி உயர்த்தினால் மண், செங்கல், கூலி எல்லாம் தனி. மானியமோ ஒரே தொகைதான். மிச்சத்துக்கு வட்டிக்கடன். ஆண்டையிடம் கடன்பட்டுப் பண்ணையாளானவரின் பேரன், இன்று சொந்த மனையில் நின்று கடன்படுகிறான்.

கூட்டுக் குடும்பமும் வெள்ளமும் சேரிக்குப் புதிதல்ல. வரைபடத்தைச் சேரியில் உட்கார்ந்து போடுங்கள். அந்த அறையும் அந்த இரண்டடியும் திட்டச் செலவிலேயே வரட்டும்.