துல்லியப் பண்ணையம்: 1929 முதல் தருமபுரி வரை

துல்லியப் பண்ணையம்னு சொன்னதுமே டிரோன், சாட்டிலைட், செயலி என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. நான் மென்பொருளில் பிழைப்பவன் என்பதால் என்னிடம் இந்தப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே வரும். ஆனால் இதன் வரலாற்றைத் தேடிப் போனால், தொடக்கத்தில் இருப்பது மண்வெட்டியும் பென்சிலும்தான்.

1929-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வேளாண் ஆய்வு நிலையம் 346-ஆம் எண்ணுள்ள சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. எழுதியவர்கள் லின்ஸ்லி, பாவர் என்ற இருவர். மண்ணின் அமிலத்தன்மையைச் சோதிப்பது எப்படி என்பதுதான் விஷயம். வயல் முழுக்க ஒரே அளவு சுண்ணாம்பு போடாதீங்க. பல இடங்களில் மண் எடுத்துச் சோதிச்சு, வரைபடம் போட்டு, எங்கே எவ்வளவு தேவையோ அவ்வளவு போடுங்க என்றார்கள். இன்று 'வேரியபிள் ரேட்' என்று விற்கப்படும் சங்கதியின் கரு இதுதான். அன்றைக்கு அந்த வரைபடம் விவசாயியின் தலைக்குள்ளேயும் ஏறியிருக்கும். நடந்து நடந்து மண் எடுத்தவர் அவர்தானே.

டிராக்டர் பெருத்தது, உரம் மலிந்தது, எல்லா இடத்துக்கும் ஒரே அளவு என்பது வசதியாகிப் போனது. பழைய யோசனை திரும்பி வந்தது இயந்திரத்தின் வழியாக. 1992-ல் அல் மையர்ஸின் ஆக் லீடர் நிறுவனம் அறுவடை இயந்திரத்தில் பொருத்தும் விளைச்சல் மானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தது, சுமார் 100 மீட்டர் வரை. நம்ம ஊர் அளவுக்கு அது பங்காளி நிலத்துக்கே உரம் போட்டுவிடும்! திருத்தச் சமிக்ஞை வாங்கிச் சமாளித்தார்கள். 2000 மே மாதம் கிளின்டன் அரசு அந்தப் பிழையை நிறுத்தியது.

ஆனாலும் விளைச்சல் மானியை அளவுதிருத்தம் செய்யணும். அறுத்த தானியத்தைத் தனியாக எடைபோட்டு, மானி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கிடைப்பது அழகான வண்ணப் பொய். எங்கள் துறையில் தினமும் பார்க்கிற வியாதிதான் இது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பெயர் வேறு உருவத்தில் வந்தது. 2004-05-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியது. மானியம் முதலாண்டு 100 சதவீதம், அடுத்து 90, அப்புறம் 80. உளிக்கலப்பை உழவு, குழித்தட்டு நாற்று எல்லாம் இருந்தாலும், மையம் சொட்டுநீரும் அதன்வழியே உரம் விடுவதும்தான். இங்கே 'துல்லியம்' என்பது இடத்தைவிட நேரத்தையும் அளவையும் பற்றியது.

அதுவரை மடை திருப்பத் தெரிந்தால் போதும். (போதும் என்று சொல்வதே தப்பு, அதுவும் பெரிய வித்தைதான்.) இப்போது முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் உரம், கடைசியில் குழாயைக் கழுவ மறுபடியும் வெறும் தண்ணீர். கால்சியம் நைட்ரேட்டையும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் வண்டலாகப் படிந்து சொட்டுவான் அடைக்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் அடைக்கும். அதுக்கு அவ்வப்போது அமிலம் விடணும். வடிகட்டியை விடாமல் கழுவணும்.

இதையெல்லாம் வயலுக்கே வந்து சொல்லித்தர அந்தத் திட்டத்தில் விஞ்ஞானிகள் இருந்தார்கள். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொன்னார்கள். திட்டம் ஜெயித்ததற்குக் குழாயைவிட இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. பின்னாளில் மாநிலம் முழுக்கப் பரவியது குழாய்தான். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. அது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நான் போகிற ஊர்களில் வரப்போரம் சுருட்டிப் போட்ட கறுப்புக் குழாய்களைப் பார்க்கிறேன். எடுத்து நிமிண்டிப் பார்த்தால் சொட்டுவானின் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு. பக்கத்திலேயே வாய்க்கால் வெட்டி, பழையபடி மடை திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.